டிரிஃப்ட் ஓட்ட ஜப்பான் போகிறீர்களா? சாவியை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜப்பானில் வாடகைக்கு எடுத்த டிரிஃப்ட் காரின் கியர்பாக்ஸ் உடைந்ததற்காக நான் கட்டிய தொகை 2 லட்சம் யென். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 1,16,000 ரூபாய். அந்தக் கியர் காலையிலேயே சத்தம் போட்டது. நான் அதைச் சொல்லவும் செய்தேன். இருந்தும் பில் என் தலையில்தான் விழுந்தது. ஜப்பான் பயணம் பற்றித் தமிழில் தேடினால் சகுராவும் புல்லட் ரயிலும் சைவச் சாப்பாடு கிடைக்கும் இடங்களும் வருகின்றன. கார் ஓட்டப் போகிறவனுக்கு எச்சரிக்கையாக நாலு வரி எங்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

முதலில், எதற்காக ஜப்பான் வரை? நான் கோயம்புத்தூர்க்காரன். செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் பார்த்து வளர்ந்தவன், கொஞ்சம் ஓட்டியும் இருக்கிறேன். ஆனால் நம் ஊரில் கற்றுக்கொள்வது எல்லாம் டயர் வழுக்காமல் வேகமாகப் போவது. டிரிஃப்ட் அதற்கு நேர் எதிர். பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்க விட்டு, கார் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிலரேட்டராலும் ஸ்டீயரிங்காலும் அதைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்குப் பின் சக்கரத்தில் இழுக்கும் கார் வேண்டும், எல்எஸ்டி (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்தே சுழல வைக்கும் அமைப்பு) வேண்டும், அடித்து ஓட்டினாலும் யாரும் ஒன்றும் சொல்லாத தடம் வேண்டும். ஜப்பானில் இந்த மூன்றும் சாதாரண ஆளுக்கும் எட்டும் விலையில் பல ஆண்டுகள் இருந்தன. நிஸான் சில்வியா போன்ற கார்கள் பழைய கார் சந்தையில் மலிவாகக் கிடைத்தன. ஊருக்கு ஊர் மலைப்பாதை இருந்தது. மணிக்கணக்கில் காசு கட்டி ஓட்டும் குட்டி சர்க்யூட்கள் இருந்தன. 1970களில் ரேஸ் ஓட்டுநர் குனிமிட்சு தகஹாஷி ரேஸ் வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்துத்தான் இன்னொரு ஓட்டுநரான கெய்ச்சி சுச்சியா அதை மலைப்பாதைக்குக் கொண்டு போனார். பிறகு சுச்சியாவும் பத்திரிகையாளர் டைஜிரோ இனாடாவும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் டி1 கிராண்ட் பிரி போட்டியை உருவாக்கினார்கள். அழகுக்கு மதிப்பெண் போடும் ஒரு மோட்டார் விளையாட்டு அப்படித்தான் நிலைபெற்றது. அதை அது பிறந்த இடத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

இப்போது அந்த மலிவுக் காலம் முடிந்துவிட்டது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். 2002-ல் சில்வியா தயாரிப்பு நின்றது. அமெரிக்காவில் 25 வருடம் கடந்த வெளிநாட்டுக் கார்களை இறக்குமதி செய்யலாம் என்பதால் நல்ல கார்கள் கப்பல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஜப்பானில் மிச்சம் இருப்பவற்றின் விலை ஏறிவிட்டது, உதிரி பாகங்களின் விலையும் கூடவே ஏறிவிட்டது. வாடகைக்குக் கிடைக்கும் டிரிஃப்ட் கார்கள் எல்லாம் வயதானவை, நூறு பேர் கைபட்டவை. பின்னால் வரும் என் பில்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றில் சுலபமானது லைசென்ஸ். நம் ஆர்டிஓவில் படிவம் 4ஏ கொடுத்து 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கிடைக்கிறது. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் அனுமதியைத்தான் ஜப்பான் ஏற்கிறது, இந்திய அனுமதி அந்த வகைதான். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம்தான். அதனால் சாதாரண சாலையில் ஓட்ட நமக்குச் சிரமம் இல்லை. சர்க்யூட்டுக்குள் மட்டும் ஓட்டுவதற்குப் பல இடங்களில் லைசென்ஸ் கேட்பதில்லை என்று சொல்வார்கள், ஆனாலும் எடுத்துப் போங்கள். டிரிஃப்ட் நடக்கும் ஊர்களுக்குப் பஸ் அரிது. ஒரு சாதாரண வாடகைக் கார் கையில் இருந்தால்தான் போய்வர முடியும்.

சிரமமானது இன்சூரன்ஸ். நான் எடுத்த பயண இன்சூரன்ஸ் பத்திரத்தின் உள்ளே, சின்ன எழுத்தில், மோட்டார் பந்தயம், வேகப் போட்டி, அவற்றுக்கான பயிற்சி எதற்கும் பணம் கிடையாது என்று இருந்தது. நிறைய பாலிசிகளில் இது உண்டு. ஜப்பானில் வெளிநாட்டுப் பயணி ஆஸ்பத்திரிக்குப் போனால் முழுத் தொகையும் தன் கையிலிருந்துதான். கை எலும்பு முறிந்தால் கூட நம் ஊர்க் கணக்கில் பெரிய தொகை. அதனால் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, மூடிய தடத்தில் பயிற்சிக்காகக் கார் ஓட்டும்போது அடிபட்டால் மருத்துவச் செலவு வருமா வராதா என்று நேரடியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு வராது என்றுதான் பதில் வந்தது. தெரிந்தே போனேன். கைக்கும் கழுத்துக்கும் என்ன ஆகுமோ என்ற பயம் தடத்தில் கடைசி வரை இருந்தது.

டோக்கியோவில் இறங்கியதும் முதல் அடி. எல்லோரையும் போல எனக்கும் டைகோகு பார்க்கிங் ஏரியாவைப் பார்க்க ஆசை. யோகோஹாமா துறைமுகத்தில், செயற்கைத் தீவின் மேல், சுற்றிச் சுற்றி ஏறும் மேம்பாலங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடம் அது. வார இறுதி இரவுகளில் ஸ்கைலைன், ஆர்எக்ஸ்-7, சுப்ரா, கூரை வரை விளக்கு கட்டிய வேன் எல்லாம் வந்து நிற்கும். அங்கே நடந்து போக வழியே இல்லை, எக்ஸ்பிரஸ்வே மேல் காரில் வந்தால்தான் உண்டு. அதனால் "ஸ்கைலைன் ஜிடி-ஆரில் உங்களை அழைத்துப் போகிறோம்" என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் 25,000 யென், அதாவது சுமார் 14,500 ரூபாய், முன்பணமாகக் கட்டியிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது போலீஸ் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டமும் சத்தமும் அதிகமானால் நுழைவாயிலை மூடிவிடுவது அங்கே வழக்கம். உள்ளே கால் வைக்காமலே திரும்பினோம். பணத்தைத் திருப்பிக் கேட்டால், மூடியது போலீஸ், நாங்கள் இல்லை என்றார். சட்டப்படி அதற்கு மேல் நான் எதுவும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சேவையே சட்டத்துக்கு வெளியே இருந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு ஒரு ஜப்பானிய நண்பர் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட் இருக்க வேண்டும், டாக்ஸிகளில் அதைப் பார்க்கலாம். வெள்ளைப் பிளேட் தனியார் கார். வெள்ளைப் பிளேட் காரில் காசு வாங்கி உங்களை ஏற்றுகிறார் என்றால் அனுமதி இல்லாத தொழில், விபத்து நடந்தால் உங்களுக்கு இன்சூரன்ஸ் பணம் முழுதாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. நீங்களே ஓட்டும் வாடகைக் காரின் பிளேட்டில் 'வா' அல்லது 'ரெ' என்று ஒலிக்கும் ஜப்பானிய (ஹிரகானா) எழுத்து இருக்கும். அது இல்லாத காரை "வாடகைக்கு" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். டைகோகு பார்க்க வேண்டும் என்றால் ஒரு சாதாரண வாடகைக் காரை எடுத்து நீங்களே போய்விடுவது நல்லது, அல்லது மீட்டர் டாக்ஸி. வெள்ளி, சனி இரவு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள். நான் அப்புறம் அப்படித்தான் போனேன். கூட்டம் குறைவு, பழைய கார் வைத்திருக்கும் பெரியவர்கள் காபியோடு நின்று நிதானமாகப் பேசினார்கள், பானெட்டைத் திறந்தும் காட்டினார்கள். முந்தைய முறை கட்டிய பணத்தில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த முறை எக்ஸ்பிரஸ்வே கட்டணமும் பெட்ரோலும் மட்டும்தான்.

சரி, முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். நான் முன்பதிவு செய்திருந்தது டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன மலையடிவார சர்க்யூட்டில். இடத்தின் பெயரும் வாடகைக் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். ஒரு நாளைக்குக் கார், ஹெல்மெட், பின்பக்க டயர்கள், காலையில் ஒரு பயிற்சியாளர், எல்லாம் சேர்த்து 85,000 யென். ஏறக்குறைய 49,000 ரூபாய். டெபாசிட்டாக 2 லட்சம் யென்னைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைத்தார்கள். நான் நம்பிக்கொண்டு போன ஃபாரெக்ஸ் கார்டில் அந்தப் பிடிப்பு வேலை செய்யவில்லை, நல்ல வேளையாக ஒரு கிரெடிட் கார்டும் இருந்தது. வரம்பு போதுமான கிரெடிட் கார்டு ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள், கூடவே ரொக்கமும். கூடுதல் டயர் மாற்றுக் கூலி, ஓய்வறைக் கட்டணம் மாதிரிச் சில்லறைச் செலவுகளுக்கு அங்கே ரொக்கம்தான் கேட்டார்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம், ஜப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் அரைப்பக்கச் சுருக்கம் ஒன்றும் கொடுத்தார்கள். அந்தச் சுருக்கத்தில் "மோதினால் செலவு ஓட்டுபவருடையது" என்று மட்டும் இருந்தது. மூல ஒப்பந்தத்தில், ஓட்டும்போது எது உடைந்தாலும், காரணம் எதுவானாலும், பாகம், கூலி, கார் ஓடாத நாட்களின் வாடகை எல்லாம் ஓட்டுபவருடையது என்று இருந்திருக்கிறது. சாயங்காலம் பிரச்சனை வந்த பிறகுதான் அந்த வரியை எனக்குக் காட்டினார்கள். நீங்கள் போகும் முன்பே, ஊரில் இருக்கும்போதே, மூல ஒப்பந்தத்தின் பிடிஎஃப் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம். வந்ததும் முழுவதையும் மொழிபெயர்த்துப் படியுங்கள். மெயிலில் சில கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள்: மோதாமல் தானாக உடையும் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், டிரைவ் ஷாஃப்ட் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? நான் கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகைக்கு உச்சவரம்பு உண்டா? தடுப்புச் சுவரோ டயர் அடுக்கோ சேதமானால், தடத்தில் ஆயில் கொட்டினால், சர்க்யூட்டுக்குத் தனியாக எவ்வளவு? கார் பாதியில் நின்றால் மிச்ச நேரத்துக்கு வேறு கார் தருவார்களா? இந்தப் பதில்களைப் பார்த்தாலே எப்படிப்பட்ட கம்பெனி என்று தெரிந்துவிடும். உச்சவரம்பு வைத்திருக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன, பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவர்களிடமே போங்கள்.

காலையில் பயிற்சி. கார் எஸ்14 சில்வியா, எஸ்ஆர்20 டர்போ எஞ்சின். உள்ளே சீட்டும் ரோல் கேஜும் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு) தவிர ஒன்றும் இல்லை. கதவு ஒரு நிறம், பம்பர் ஒரு நிறம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. முதலில் ஒரு கூம்பை நடுவில் வைத்து வட்டம் போடச் சொன்னார்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டு, பின்பக்கம் வெளியே போனதும் ஆக்ஸிலரேட்டரை விடாமல் பாதியில் பிடித்து வைக்க வேண்டும். நம் கால் பழக்கத்தில் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடும், விட்டால் கார் சுழன்று நின்றுவிடும். ஸ்டீயரிங்கைக் கையால் திருப்பக் கூடாது, அது தானாகக் கைக்குள் சுழன்று வர விட்டுப் பிடிக்க வேண்டும். கண் கூம்பைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். வட்டம் வந்ததும் இரண்டு கூம்புகளுக்கு நடுவே எட்டு. நம் ஆர்டிஓவில் பைக் லைசென்ஸுக்குப் போடும் அதே எட்டுதான், ஆனால் முழு எட்டையும் பக்கவாட்டிலேயே போட வேண்டும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது கார் ஊசலாடி எதிர்ப்பக்கம் போகும். அந்த ஒரு நொடியில் கை சும்மா இருக்க வேண்டும். அது முதல்முறை சரியாக அமைந்தபோது ஹெல்மெட்டுக்குள் கத்திவிட்டேன். இவ்வளவு வருட ஆசை அந்த நொடியில் தீர்ந்தது போலவும் இருந்தது, இன்னும் அதிகமானது போலவும் இருந்தது.

அப்போதே இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. பயிற்சியாளரிடம் சொன்னேன், அவரும் உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரவாயில்லை, ஓட்டுங்கள் என்றார். மதியத்துக்கு மேல் தடத்தின் வளைவுகளில் ஓட்ட விட்டார்கள். இரண்டாவது கியரில் வந்து ஹேண்ட்பிரேக் இழுத்துப் பின்பக்கத்தைத் தள்ளுவது ஒரு முறை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே கிளட்சை ஒரு உதை உதைத்து எஞ்சின் சுற்றைத் திடீரென்று சக்கரத்துக்கு அனுப்புவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் ஒவ்வொரு உதைக்கும் கியர்ப் பற்களில் அடி விழுகிறது. சில்வியாவின் அசல் கியர்பாக்ஸ் இதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதில்லை, டிரிஃப்ட் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி கிளட்சை உதைத்துக்கொண்டிருந்தபோது, நீண்ட வலது வளைவு ஒன்றில், டம் என்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமுகிறது, கார் நகரவில்லை. சுவரில் தொடவில்லை, தடத்தை விட்டு இறங்கவும் இல்லை. இரண்டாவது கியரின் பல் உடைந்துவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

பில் 2,60,000 யென். பழைய கியர்பாக்ஸ் ஒன்றுக்கு 1,50,000, மாற்றும் கூலி 50,000, கார் ஓடாத நாட்களுக்கு 60,000. எனக்கு முதலில் கோபம் வரவில்லை, வயிறு கலங்கியது. நான் பேசியதைப் போனில் மொழிபெயர்த்து, கம்பெனிக்காரர் பேசியதையும் மொழிபெயர்த்து, இப்படியே இரண்டு மணி நேரம். அவர்கள் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை, தலையைக் குனிந்து வருத்தம் தெரிவித்தபடியே அந்த ஒப்பந்த வரியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த மரியாதைக்கு எதிரே என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் டெபாசிட் தொகையோடு முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. பக்கத்துப் பிட்டில் (தடத்தின் ஓரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) தன் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு உள்ளூர் இளைஞர், நான் கேட்காமலே, ஸ்டேஷன் வரை கொண்டுவிட்டார். வழியில் கியர்பாக்ஸ் என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லித் தலையை ஆட்டினார். அவருக்கும் உடைந்திருக்கிறதாம். அறைக்கு வந்து வீட்டுக்குப் பேசினால் அம்மா, "பணம் போனாப் போகுது கண்ணு, கைகால் நல்லா இருக்குதில்ல?" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

இந்த இடத்தில் எனக்கு உதவியது ஒன்றே ஒன்று, ஹெல்மெட்டில் மாட்டியிருந்த கேமரா. நான் அதைச் சும்மா நினைவுக்காகத்தான் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தேன். அதில் கியர் சத்தம், நான் சொன்னது, பயிற்சியாளர் ஓட்டிப் பார்த்தது எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருந்தது. ஜப்பானில் தேசிய நுகர்வோர் விவகார மையம் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே ஒரு தொலைபேசி உதவிச் சேவை நடத்துகிறது, ஆங்கிலத்தில் பேசலாம். மறுநாள் அங்கே பேசினேன். அவர்கள் கம்பெனியைத் தண்டிக்க மாட்டார்கள், ஆனால் எதை எழுத்தில் கேட்க வேண்டும், எந்த ஆதாரத்தை இணைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். அதன்படி வீடியோவோடு ஒரு மெயில் அனுப்பினேன். நீங்களும் காரைச் சுற்றி, அடியில், டயர், கியர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது வரை, கிளம்பும் முன்பே ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். சந்தேகமான சத்தம் வந்தால் வாயால் சொன்னால் போதாது. உடனே அதே இடத்திலிருந்து ஒரு மெயிலோ மெசேஜோ அனுப்பிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். தனியாகப் போகிறவனுக்குச் சாட்சி அந்த மெசேஜ்தான்.

இத்தோடு திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஃபுகுஷிமா மாகாணத்தில் இருக்கும் எபிசு சர்க்யூட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போது நினைத்தால், போகாமல் இருந்திருந்தால் இந்தப் பயணமே எனக்குக் கசப்பாக முடிந்திருக்கும். டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் புல்லட் ரயிலில் கோரியாமா வரை போய், உள்ளூர் ரயிலில் நிஹோன்மட்சு, அங்கிருந்து மலை மேல் டாக்ஸி. இந்த ஒரு பயணத்துக்காக ஜேஆர் பாஸ் (வெளிநாட்டுப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது, தனி டிக்கெட்டே மலிவு.

எபிசுவை நேரில் பார்க்க வேண்டும். ஒரு மலை முழுக்கப் பல தடங்கள், மேலும் கீழுமாக. ஒட்டினாற்போல் தோஹோகு சஃபாரி பார்க் இருக்கிறது, டர்போ சத்தம் அடங்கும் இடைவெளியில் மிருகங்களின் குரல் கேட்கிறது. இதை நடத்துபவர் நொபுஷிகே குமாகுபோ, அவரே 2006-ல் டி1 சாம்பியன். 2021 பிப்ரவரி 13 இரவு வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஒரு தடத்தையே மண் மூடியது. அதையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு இடம் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என்று டிரிஃப்ட் மட்சுரி என்ற திருவிழா நடத்துகிறார்கள். தடங்களைத் திறந்துவிட்டு, நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும் தங்கள் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். உங்கள் தேதியை அதற்குப் பொருத்தி வையுங்கள்.

அங்கே நான் வாடகைக் கார் எடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். ஒரு டொயோட்டா சேஸர் வைத்திருந்தவரிடம் சைகையில் கேட்டேன், சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை நீட்டினார். பதிவு மேஜையில் கையெழுத்துப் போட்டு, முழுக்கை சட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். முழுக்கையும் முழுநீளப் பேன்ட்டும் கையுறையும் இல்லாமல் போகாதீர்கள், ஏற்ற மாட்டார்கள். முன்னால் போகும் காரின் கதவுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம்கூட இல்லை, நாலு கார்கள் வரிசையாக ஒரே கோணத்தில் வளைவில் சாய்கின்றன. என் பக்க ஜன்னலுக்கு நேர் எதிரே சாலை ஓடி வந்துகொண்டிருந்தது. நான் அந்த ஒரு நாளில் கற்றது எவ்வளவு சின்னது என்று அங்கே புரிந்தது, ஆனால் அதில் வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். பிட்டில் இறங்கியதும் அவர் டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) வளைந்திருப்பதைப் பார்த்தார். பக்கத்துக் கார்க்காரர் ஜாக்கியோடு வந்தார், இன்னொருவர் கையில் வேறொரு டை ராட். அரை மணி நேரத்தில் கார் மறுபடி வரிசையில் நின்றது. கம்பெனி ஆபீசில் நான் பார்த்தது டிரிஃப்ட் தொழில். இங்கே பார்த்தது டிரிஃப்ட் சமூகம். முதல்முறை போகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் மட்சுரியில் பக்கத்து சீட், அங்கே நாலு பேரிடம் எந்த வாடகைக் கம்பெனி நேர்மையானது என்று விசாரணை, அதன் பிறகு உங்கள் கையில் ஸ்டீயரிங்.

டிரிஃப்ட் தவிர மற்றதையும் பார்க்க நினைப்பவர்களுக்கு, இபராகி மாகாணத்தின் ட்சுகுபா சர்க்யூட் போதும். முழுச் சுற்று 2.045 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு நிமிடத்துக்குள் சுற்றுவதற்காகவே வீட்டுக் கொட்டகையில் வருடக்கணக்காகக் கார் கட்டுகிறவர்கள் அங்கே வருகிறார்கள். பார்வையாளராக நின்றாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம். ஃபுஜி ஸ்பீட்வேயின் ஒன்றரைக் கிலோமீட்டர் நேர்ப்பாதை வேறு உலகம், ஆனால் ரேஸ் இல்லாத நாளில் போனால் பார்க்க அதிகம் இருக்காது.

மலைப்பாதை ஆசை எல்லோருக்கும் வரும். கார்ப் பிரியர் என்றால் ஹருனா, இரோஹாசாகா என்ற மலைச்சாலைகளின் பெயர்களைக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். போங்கள், சாதாரண வாடகைக் காரில், சாதாரண வேகத்தில். ஹருனா மேலே ஏரி அழகாக இருக்கிறது. ஆனால் சாலையில் டிரிஃப்ட் செய்வது அங்கே குற்றம், பல வளைவுகளில் அதைத் தடுப்பதற்கென்றே சாலையில் மேடுகள் போட்டிருக்கிறார்கள். வாடகைக் காரின் இன்சூரன்ஸும் சர்க்யூட்டுக்குள் நடந்ததற்குச் செல்லாது, பொதுச் சாலையில் சின்ன உரசல் என்றாலும் 110-க்குப் போன் செய்து போலீஸ் பதிவு வாங்காவிட்டால் செல்லாது. முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், கார் ஓடாத நாட்களுக்கான கட்டணம் என்று பெரும்பாலான கம்பெனிகள் தனியாக வாங்குகின்றன. கார் ஓடும் நிலையில் திரும்பி வந்தால் 20,000 யென், வராவிட்டால் 50,000 யென் என்பது பழகிய தொகை. அதையும் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்பு கவுன்ட்டரிலேயே சொற்பக் காசுக்குக் கிடைக்கும், எடுத்துவிடுங்கள்.

என் மெயிலுக்குப் பதில் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்தது. வீடியோவைப் பார்த்தார்களாம். கூலியாகப் பிடித்த 50,000 யென்னைத் திருப்பித் தருவதாகவும், கியர்பாக்ஸ் விலையைத் தர முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். பாங்கில் அந்தப் பரிவர்த்தனைக்கு எதிராகப் புகார் கொடுத்துப் பார்த்தேன், ஒப்பந்தத்தில் கையெழுத்து இருப்பதால் நிராகரித்துவிட்டார்கள். அந்த 50,000 யென் கார்டில் வந்து சேரக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. பிடித்தபோது பாங்க் அந்நியச் செலாவணிக் கட்டணமாக எடுத்தது திரும்பவே வரவில்லை. அதனால் போகும் முன் அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லாத அல்லது குறைந்த கார்டு ஒன்றை வாங்கிவிடுங்கள். டெபாசிட்டை அதில் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள், பிடிப்பு ரசீதும் விடுவிப்பு ரசீதும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.